நீலக் குளமும் வராத கட்டடமும்

1. விளக்கை அணைத்தபோது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞானராஜ் சார் என்னைச் செல்லுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அப்போது அவர் ஷிப்ட் இன்ஜினியர். பிற்பாடுதான் மேனேஜர் ஆனார். நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. எதையும் இரண்டு முறை சொல்லுவார்.

செல் என்பது ஓர் அறை. அதன் கான்கிரீட் சுவர் ஓர் ஆளைப் படுக்கவைத்த அளவுக்குக் கனம். கதவிலிருந்து நேராக உள்ளே போக முடியாது. மூன்று திருப்பம் திரும்பித்தான் போக வேண்டும். நேர்கோட்டில் ஓடும் கதிர்கள் சுவரில் முட்டிச் சாகட்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். அறையின் நடுவில், தரையில், ஒரு குளம். மூன்றரை ஆள் ஆழம். உள்ளே நாலு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. அடியில் ஒரு ரேக்கில் கதிர் வீசும் கோபால்ட் குச்சிகள்.

எங்கள் பிளாண்டின் வேலை இதுதான்: கட்டுத்துணி, பஞ்சு, ஊசி, மிளகாய்த்தூள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கன்வேயரில் வரும். செல்லில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவைப் பூட்டி, ரேக்கைக் குளத்திலிருந்து மேலே தூக்குவோம். காமா கதிர் பட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கிருமி எல்லாம் செத்துவிடும். வேலை முடிந்ததும் ரேக் மறுபடி தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீர்தான் எங்களுக்குக் கவசம். தண்ணீர் இருக்கும்வரை குளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கலாம்.

"பயமா இருக்கா?" என்று ஞானராஜ் சார் கேட்டார்.

"இல்ல சார்."

"கொஞ்சம் இருக்கட்டும். சுத்தமா போயிட்டுன்னா சொல்லுங்க, வேற செக்‌ஷனுக்கு மாத்திருவோம்."

பிறகு விளக்கை அணைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு நீலம் எழுந்து வந்தது. எழுந்து வந்தது என்று சொல்லக்கூடாது; அது அங்கேயேதான் இருந்தது, என் கண்தான் மெல்ல அதனிடம் போய்ச் சேர்ந்தது. கோபால்ட்டின் கதிர் தண்ணீரில் எழுப்பும் வெளிச்சம் அது. அந்த நீலத்துக்கு அசைவு இல்லை. சத்தம் இல்லை. தண்ணீரே தூங்கிக்கொண்டு கனவு காண்பதுபோல இருந்தது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. விளக்கைப் போட்ட பிறகு ஞானராஜ் சார் சிரித்தார். "எல்லாரும் இங்கன வந்தா இப்படித்தான் நிப்பாவ" என்றார்.

வெளியே வந்தால் உப்பளம். வெயிலில் பாத்திகள் வெள்ளை வெளேர் என்று விரிந்து கிடந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தேன். இமைக்குள் அந்த நீலம் மாப்பிள்ளையூரணி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தது.

2. அடுத்த வருஷம்

ஆபரேட்டராகச் சேர்ந்தவள், பரீட்சை எழுதி ஆர்.எஸ்.ஓ. ஆனேன். கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி. பிளாண்டை ஓட்டச் சொல்லும் அதிகாரம் மேனேஜருக்கு. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு. அதைப் பல வருஷம் நான் பயன்படுத்தியதே இல்லை. அதற்குத் தேவை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளாண்டுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலில் இருந்த ரிலேக்களைத் தயாரித்த கம்பெனியே இப்போது இல்லை. ஒரு ரிலே போனால் பழைய பேனல் ஒன்றைப் பிரித்து அதிலிருந்து எடுத்துப் போடுவோம். செல்லுக்குள் ஓடும் ஒயர்களின் உறை கதிர் பட்டுப் பட்டு முறுக்குபோல நொறுங்கும். கோபால்ட்டும் கிழடாகிவிட்டது. ஐந்து வருஷம் சொச்சத்தில் அதன் பலம் பாதியாகும். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த பெட்டி இப்போது நாலு மணி நேரம் நின்றது. புதுக் கோபால்ட் கேட்டு எழுதினால், "புதிய கட்டடத்துக்கு வழங்கப்படும்" என்று பதில் வரும்.

புதிய கட்டடம் துறைமுகம் போகும் வழியில் எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பிக்கொண்டே இருந்தது. அஸ்திவாரம் தோண்டியபோது ஊற்றுத் தண்ணீர் வந்தது. அதை இறைத்து முடிப்பதற்குள் ஒரு கான்டிராக்டர் போனார். அடுத்தவர் போட்ட கான்கிரீட் சுவரில் தேன்கூடுபோல ஓட்டைகள் இருந்தன. இடித்துவிட்டு மறுபடி போட்டார்கள். கவசக் கதவுக்கு ஆர்டர் கொடுத்த இடத்தில் அளவு மாறியது. பொங்கலுக்கு என்பார்கள், பிறகு பனிமய மாதா திருவிழாவுக்கு என்பார்கள், பிறகு அடுத்த வருஷம் என்பார்கள். அடுத்த வருஷம் என்பது ஒரு வருஷத்தின் பெயர் இல்லை என்று எங்களுக்குப் புரியவே பல வருஷம் ஆனது.

அந்தக் காலத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். புதுசு வரப்போகிறதே என்று பழசைத் தள்ளிப்போட்டோம். குளத்தின் உள் தகட்டை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை தள்ளிப்போட்டோம். "எப்பிடியும் காலி பண்ணப்போற குளம், அதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்று ஞானராஜ் சார் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இன்னொரு விஷயம். ரேக் ஏறி இறங்கும்போது ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கைடு ஒயர் இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு பக்கத்து ஒயரின் பிடிப்பு அறுந்தது. முறையாகச் சரிசெய்ய இரண்டு மாதம் நிறுத்த வேண்டும். அதற்குப் பதில், குளத்தின் விளிம்பில் போல்ட் போட்டு, ஒரு நீளமான கம்பியில் பிராக்கெட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். அதன் கால் சுவர்த் தகட்டில் சாய்ந்து நின்றது. "தற்காலிக ஏற்பாடு, புதிய கட்டடம் இயங்கும்வரை" என்று ஃபைலில் எழுதினோம். நான் கையெழுத்துப் போட்டேன்.

3. குளம் தண்ணி குடிக்குது

சுடலைமணி எங்கள் ஃபிட்டர். ஆத்தூர்க்காரர். ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு; காலையில் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அதனாலோ என்னவோ, தண்ணீர் விஷயத்தில் அவருக்குக் கண் அதிகம். ஒரு நாள் காலை டீயோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், குளம் ரொம்பத் தண்ணி குடிக்குது."

"எப்பிடிச் சொல்லுதிய? லெவல் சரியாத்தான இருக்கு?"

"லெவல் சரியாத்தான் இருக்கும். கொறஞ்சா வால்வு தானா தொறந்து ரொப்பிருதுல்லா. நான் அதச் சொல்லல. குளத்துக்கு ஊத்துத தண்ணிய சுத்தம் பண்ணுத மிஷின முந்தி வாரத்துக்கு ஒருக்காதான் கழுவி விடுவேன். இப்ப நாலு நாள்ல கேக்கு. அவ்வளவு தண்ணி எங்கன போவுது?"

டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டினோம். அவர் சொன்னது சரி. குளத்தில் சேர்த்த தண்ணீர் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், எங்கள் வால்வு ஒழுங்காக வேலை செய்ததுதான்.

ஞானராஜ் சாரிடம் போனேன். "கோடக்காலம் செலின்" என்றார். "மேக்காத்து அடிக்குது. எல்லாக் குளமும்தான் வத்துது. ஆவியாப் போவும்."

ஆவியா கசிவா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாளியில் அதே குளத்துத் தண்ணீரை எடுத்து, அதே செல்லுக்குள், குளத்தின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வால்வை மூடிவிட வேண்டும். ஒரு நாள் கழித்து இரண்டும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். காற்று குடிப்பது இரண்டிலும் ஒன்றுதான். குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் அதற்கு வேறு வாய் இருக்கிறது.

சுடலைமணி கடையிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிளாண்ட் ஓடாது என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் வைத்தோம். திங்கட்கிழமை காலை பார்த்தபோது வாளி ஒரு விரல் மொத்தம்கூட இறங்கவில்லை. குளம் அதைப்போல் மூன்று மடங்கு இறங்கியிருந்தது.

குளத்துத் தண்ணீரை சாம்பிள் எடுத்துச் சோதித்தேன். சுத்தம். கோபால்ட் குச்சிகள் எதுவும் கெடவில்லை. கசிந்து போன தண்ணீரால் ஊருக்கு ஆபத்து இல்லை. ஆனால் கவசம் கசிகிறது. இன்றைக்கு மெல்லக் கசிகிறது. நாளைக்கு எப்படி என்று யாருக்கும் தெரியாது. கீழே கடற்கரை மணல். தண்ணீர் அதை அரித்துக்கொண்டே போனால் தகடு எதன்மேல் நிற்கும்?

4. சாவி

கன்ட்ரோல் பேனலுக்கு ஒரே ஒரு சாவி. அதைக் கதிர் அளக்கும் சர்வே மீட்டரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். மீட்டரைக் கையில் எடுக்காமல் செல்லைத் திறக்கவும் முடியாது, பிளாண்டை ஓட்டவும் முடியாது. அன்றைக்கு அந்தச் சாவியை மீட்டரோடு எடுத்துக்கொண்டு ஞானராஜ் சார் ரூமுக்குப் போனேன்.

அங்கே தங்கவேல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ஏரல்காரர். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி தயார் செய்து அனுப்புகிறவர். எங்கள் பழைய வாடிக்கையாளர். அவருடைய இரண்டு லாரி லோடு வெளியே நின்றது.

"சார், பிளாண்ட நிறுத்துதேன்" என்றேன்.

ஞானராஜ் சார் எழுந்துவிட்டார். "செலின், புது பில்டிங் இன்னும் மூணு மாசத்துல வந்துரும். அதுவரைக்கும் வால்வ தொறந்து விட்டு ஓட்டுவோம். தண்ணி ஊத்துனாப் போதும்லா?"

"மூணு மாசம்னு போன வருஷமும் சொன்னாவ சார்."

"சரி, நிறுத்துதிய. கோபால்ட்ட எங்க கொண்டு போவிய? நிறுத்துனாலும் அதே குளத்துலதான கெடக்கும்? அப்பறம் எதுக்கு நிறுத்தணும்?"

அது நல்ல கேள்வி. இரண்டு நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய கட்டடத்தில் இருக்க முடியாது. புதிய கட்டடம் இன்னும் கட்டடமே இல்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஈயப் பெட்டகம் வர வேண்டும், அனுமதி வர வேண்டும். அதற்கும் மாதங்கள் ஆகும். கோபால்ட்டை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது.

"ஓடுதப்ப ரேக் மேல இருக்கும் சார். அந்த நேரம் பாத்து குளம் வேகமா இறங்குச்சுன்னா, கீழ எறக்குததுக்குத் தண்ணி இருக்காது. உள்ள போய்ப் பாக்கவும் முடியாது. இப்ப அது அடியில கெடக்கு. அங்கனயே கெடக்கட்டும். நாம செல்லுக்குள்ள போய் ஓட்டையத் தேடுவோம். ஓட்டிக்கிட்டே தேட முடியாதுல்லா."

தங்கவேல் அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மா, லாரி நிக்கி. ஆஸ்பத்திரில ஆபரேசன் தேதி குறிச்சிருக்காவ. கட்டுத்துணி போவலன்னா என்ன செய்வாவ? உங்க குளம் ஒரு வாரம் பொறுக்காதா?"

"பொறுக்கும்னு என்னால எழுதிக் கொடுக்க முடியல அண்ணாச்சி" என்றேன்.

அவர் வெளியே போய் டிரைவர்களிடம் பேசினார். லாரிகள் வேறு மாநிலத்தில் இருக்கும் பிளாண்டுக்குப் போயின; சரக்கு பதினைந்து நாள் தாமதமாக ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தது. அடுத்த ஆர்டர் அவருக்கு வரவில்லை. அதற்கு நான்தான் காரணம். இப்போது கேட்டாலும் நிறுத்தியது சரி என்றுதான் சொல்லுவேன். அவருக்கு நடந்தது சரி என்று சொல்லமாட்டேன்.

ஞானராஜ் சார் உட்கார்ந்து, நிறுத்திய நேரத்தை லாக் புக்கில் அவரே எழுதினார்.

5. தண்ணீர் மறக்கும்வரை

மேலிடத்துக்குத் தகவல் கொடுத்து அனுமதி வாங்கினோம். குளத்தின் தகடுகள் சேரும் வெல்டிங் கோடுகள் மொத்தம் பதினெட்டு. எதில் ஓட்டை என்று தெரியாது. நீளமான கம்பின் நுனியில் ஒரு கேமராவும் மெல்லிய டியூபும் கட்டி, டியூப் வழியாகத் துளி பச்சைச் சாயத்தை விட வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் சாயம் சுவருக்குள் இழுபடும். சுடலைமணி கம்பைப் பிடிப்பார். நான் திரையைப் பார்ப்பேன்.

நாலு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. சாயம் எல்லா இடத்திலும் புகைபோலச் சுருண்டு, எல்லாப் பக்கமும் போனது. ஓட்டையே இல்லாத இடத்தில் இருக்கிறதுபோலத் தெரியும். மறுபடி பார்த்தால் இருக்காது.

வீட்டில் மிக்கேல் கேட்டார். மிக்கேல் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர்.

"என்னளா, சோத்தப் பெசஞ்சிகிட்டே இருக்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் என் பிளாண்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் தண்ணீர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கம்ப உள்ள விட்டு எம்புட்டு நேரத்துல சாயத்த விடுதிய?"

"உடனே விடுவோம். ஏன்?"

"பின்ன எப்பிடித் தெரியும்? நீங்க போட்ட கலக்கத்ததான் நீங்க பாக்கிய. நாங்க அடிக்குப் போனதும் அசைய மாட்டோம். நாம எறங்குனதுல கலங்குன மணல் அடங்குனப் பொறவுதான் சங்கு கண்ணுக்குத் தெரியும். தண்ணி ஒன்ன மறக்கணும் ஏளா. அதுக்குப் பொறவு பாரு."

மறுநாள் குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை நிறுத்தினோம். எக்ஸாஸ்ட் காற்றையும் குறைத்தோம். கம்பைக் கையில் பிடிப்பதற்குப் பதில் ஒரு ஸ்டாண்டில் கட்டி, ஒரு வெல்டிங் கோட்டின் முன்னால் நிறுத்தினோம். கேமராவின் சின்ன விளக்குத் தவிர எல்லா விளக்கையும் அணைத்தோம். பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

என் வேலைக்காலத்தில் அந்த நாட்களைப்போல வேறு நாட்கள் இல்லை. வெளியே உச்சி வெயில். உள்ளே எங்களுக்குக் காலை, மாலை எதுவும் இல்லை. கீழே அந்த நீலம், முதல் நாள் பார்த்ததைவிட மங்கி, ஆனால் அதே அமைதியோடு. பேசினால் தண்ணீர் அசையுமோ என்று பேசாமல் இருந்தோம். சுடலைமணி விளிம்பிலிருந்து தள்ளி, சம்மணம் போட்டு, கண்ணைப் பாதி மூடியிருப்பார். சுவருக்குள் கம்பி விரிவதும் சுருங்குவதும்கூடக் கேட்டது. சில சமயம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே நழுவிப்போகும். கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம், யாரோ மேலே எங்களுக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தோன்றும்.

ஒரு கோடு பார்த்து முடிக்க அரை நாள். அப்படிப் பார்க்கத் தொடங்கிய ஆறாவது நாள், பதினோராவது கோடு. சுடலைமணி சாயத்தை விட்டார். பச்சைத் துளி வெளியே வந்து, நூல்போல நீண்டு, அப்படியே நின்றது. பிறகு தலையைத் திருப்பிப் பார்க்கிற பாம்புபோலச் சுவர்ப் பக்கம் வளைந்தது. மெல்ல, மிக மெல்ல, தகட்டுக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது.

"மேடம்" என்றார் சுடலைமணி, குசுகுசுவென்று. "வாய் தெரியுது."

கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினேன். அந்த இடத்துக்கு நேரே ஒரு இரும்புக் கால் சாய்ந்து நின்றது. நாங்கள் தொங்கவிட்ட தற்காலிக பிராக்கெட்டின் கால். ரேக் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் அது அசைந்து, வெல்டிங்கின்மேல் உரசி உரசி, தலைமுடி அளவு கீறல் போட்டிருந்தது. ஆறு மாதம் தாங்கினால் போதும் என்று நினைத்து வைத்தது. ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

6. காய்ந்த குளம்

ஓட்டை பாதி ஆழத்தில் இருந்தது. தண்ணீரை அதுவரை இறக்கினால் கவசம் போதாது. ஆகவே தண்ணீருக்குள்ளேயே அடைக்க வேண்டும். பசை தடவிய ரப்பர் பட்டையை அங்கே வைத்து, பசை இறுகும்வரையும் அதற்கு அப்புறமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். எதை வைத்து அழுத்துவது? அதுதான் பிடிபடவில்லை.

கவசக் கதவு வேலைக்காக ஓர் அளவு எடுக்க வேண்டியிருந்தது. நானும் சுடலைமணியும் புதிய கட்டடத்துக்குப் போனோம். சைட்டில் வேலை நின்றிருந்தது. கான்கிரீட் டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது என்று உத்தரவு. சைட் இன்சார்ஜ் ராஜதுரை, முப்பது வயது இருக்கும், ஒரு ஷெட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். யாராவது வந்தால் போதும் என்பதுபோல எழுந்து வந்தார்.

புதிய செல்லுக்கு இன்னும் கூரை இல்லை. குளத்துக்குத் தகடு போடவில்லை; வெறும் கான்கிரீட் குழி. நான் ஏணியில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. அடியில் கடல் மணல் பறந்து வந்து படிந்திருந்தது. மூலையில் கொஞ்சம் மழைத்தண்ணீர், அதன்மேல் ஒரு தட்டான். தலைக்குமேல் சதுரமாக வானம். எங்கள் குளத்தில் கோபால்ட் கிடக்கிற அதே இடத்தில், அதே ஆழத்தில், செருப்புப் போட்ட காலோடு நான் நின்றுகொண்டிருந்தேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. இத்தனை வருஷம் நாங்கள் நம்பிக் காத்திருந்தது இந்த இடத்தையா என்று நினைத்தபோது, கோபம் வரவில்லை. யாரோ பாதி சொல்லிவிட்டு எழுந்துபோன கதைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது.

மேலேயிருந்து சுடலைமணி கத்தினார். "மேடம், உங்க தலைக்கு மேல பாருங்க!"

பார்த்தேன். குழியின் ஒரு முனையில் சுவர்ப் பலகைகள் சரியாமல் இருக்க, சுவருக்குச் சுவர் குறுக்கே இரும்பு ஜாக்கிகள் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நடுவில் திருகு. திருகத் திருக நீண்டு, இரண்டு சுவரையும் நெருக்கும்.

"இதுதான் மேடம்! இதுல ஒண்ணு போதும். ஒரு தலையில ரப்பர வச்சி எதிர்ச் சுவர்ல முட்டு கொடுத்துருவோம். கழுத்துல ஒரு நீளக் கம்பிய மாட்டி மேல இருந்தே திருகலாம்."

ராஜதுரையிடம் கேட்டேன். ஒன்றைக் கொடுத்தால் அதே மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார், கேட் பாஸ் எழுதினார், பிறகு அவரே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார்.

"இங்க வாரவங்க எல்லாரும் எப்ப முடியும்னுதான் கேப்பாவ மேடம்" என்றார். "இந்தக் கட்டடத்தால ஒரு உபயோகம் இருக்குன்னு மொத ஆளா நீங்கதான் சொல்லுதிய."

ஜாக்கி கடைந்து வர ஒரு வாரம் ஆனது. முதலில் தற்காலிக பிராக்கெட்டைக் கழற்றி எடுத்தோம். பிறகு ஜாக்கியை இரண்டு கயிற்றில் கட்டி இறக்கி, கேமராவில் பார்த்துப் பார்த்து இடத்தில் நிறுத்தி, மேலேயிருந்து திருகினோம். முதல் தடவை ரப்பர் வழுக்கியது. இரண்டாம் தடவை உட்கார்ந்தது. அந்த இடத்தில் மறுபடி சாயம் விட்டுக் காத்திருந்தோம். பச்சை நூல் வெளியே வந்தது; எங்கும் போகாமல், சுவருக்கு முன்னால் தொங்கிக்கொண்டு, தானாகக் கரைந்து மறைந்தது.

மறுநாள் வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கியிருந்தன. சுடலைமணி ஸ்கேலை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்து, "நீங்க பாருங்க மேடம், எனக்குக் கண்ணு கலங்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

7. எழுதியது

ரிப்போர்ட் எழுத வேண்டும். கீறல் எங்கே, எப்படி அடைத்தோம் என்பதெல்லாம் எளிது. ஏன் வந்தது என்ற பத்தியில் நின்றுவிட்டேன்.

ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். "புதிய கட்டடம் இயங்கும்வரை" என்று ஆறு தற்காலிக ஏற்பாடுகள் இருந்தன. பிராக்கெட் ஒன்று. கேமரா சோதனையைத் தள்ளிப்போட்டது ஒன்று. ரிலே, ஒயர், இன்னும் இரண்டு. ஆறிலும் என் கையெழுத்து. ஆறையும் பத்தியில் வரிசையாக எழுதினேன்.

ஞானராஜ் சார் படித்தார். நாற்காலியில் சாய்ந்தார். அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

"இத எழுதத்தான் வேணுமா செலின்? வெல்டிங் பழசாயிட்டுன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாவ. உங்களுக்கு புரமோஷன் வார நேரம்."

"வெல்டிங் பழசாகல சார். நாமதான் உரச விட்டோம்."

அவர் பேனாவை எடுத்தார். அந்தப் பத்தியை அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். என் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதினார். "அந்த ஆறையும் அப்ரூவ் பண்ணுனது நான்தான. நீங்க மட்டும் நின்னா நல்லா இருக்காது" என்றார்.

ஆய்வுக் குழு வந்தது. மூன்று நாள் கேள்வி கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் புரமோஷன் போனது. கைடு ஒயரின் பிடிப்பையும் மற்ற ஐந்து ஏற்பாடுகளையும் முறையாகச் சரிசெய்த பிறகுதான் பிளாண்டை ஓட்ட அனுமதி தந்தார்கள். ரிலே பேனல் முழுக்கப் புதுசாக மாறியது. எட்டு வருஷம் கிடைக்காத பேனல் நாலு மாதத்தில் வந்தது. தங்கவேல் அண்ணாச்சி ஒரு வருஷம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு லோடு அனுப்பினார். கூட அவர் வரவில்லை.

புதிய கட்டடம் அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத் திறந்தது. கோபால்ட்டை ஈயப் பெட்டகத்தில் ஏற்றி அனுப்பிய அன்று பழைய செல்லில் விளக்கை அணைத்துப் பார்த்தேன். வெறும் இருட்டு. தண்ணீர் இருக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். பழைய பிளாண்ட் வயதானதால் கெட்டுப்போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், மனதளவில் எப்போதோ புதிய கட்டடத்துக்குக் குடிபோய்விட்டோம், அதனால் கெட்டது. வரப்போவதை நம்பலாம், தவறில்லை. ஆனால் இன்றைக்குக் கோபால்ட் எந்தத் தண்ணீருக்குள் கிடக்கிறதோ, அந்தத் தண்ணீருக்குத்தான் நீங்கள் காவல். அதற்கு மாற்று வரவே வராது என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

தற்காலிக ஏற்பாடு இல்லாமல் எந்தப் பிளாண்டும் ஓடாது, அதுவும் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அது முடிகிற தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த ஆறு தாளிலும் என் கையெழுத்துக்குக் கீழே நான் போட்ட நாள் அழகாக இருக்கிறது. எந்த நாள்வரை என்பதை ஒன்றில்கூட நான் எழுதவில்லை.